பதினாறு மில்லிமீட்டர்

மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் வரை நான் தினமும் ஓட்டும் சாலையில் மேடு என்று சொல்லத்தக்க மேடு கிடையாது. வளைவுகளும் விரல்விட்டு எண்ணக்கூடியவைதாம். ஒருபுறம் பாக் நீரிணை, மறுபுறம் மன்னார் வளைகுடா, நடுவில் தென்னையும் பனையும் சீமைக் கருவேலமும். இப்படிப்பட்ட தட்டையான கடற்கரையில் வண்டி ஓட்டுகிற ஒருவன் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் கோணத்தைப் பற்றி மாதக்கணக்கில் யோசிக்க வேண்டுமா என்று நண்பர்கள் கேட்டதுண்டு. யோசிக்க வைத்தது வண்டிதான். இரண்டாண்டுகளுக்கு முன் 150 சிசி வகையைச் சேர்ந்த ஸ்போர்ட் பைக் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். எஞ்சின் நன்றாக இருந்தது, சட்டகத்தில் அடிபட்ட தடம் இல்லை, விலையும் நியாயம். ஆனால் ஊருக்குள் ரவுண்டானாவைச் சுற்றி வெளியேறும்போதும், திருப்புல்லாணி வழியாகக் கீழக்கரை செல்லும் சாலையின் வளைவுகளிலும், ஆக்ஸிலேட்டரை முறுக்கிய கணத்தில் வண்டி நான் பார்க்கும் இடத்துக்குப் போகாமல் சாலையின் வெளிவிளிம்பை நோக்கித் தள்ளியது.

முன்பக்கம்தான் நோய் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். முன் டயரை மாற்றினேன், காற்றழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன், ஃபோர்க் ஆயில் மாற்றினேன், கைப்பிடி சுழலும் பேரிங்கான கோன் செட்டைப் புதிதாகப் போட்டேன். ஒவ்வொன்றும் வண்டியைச் சற்று மேம்படுத்தியது, ஆனால் அந்தத் தள்ளல் மட்டும் போகவில்லை. ராமநாதபுரத்தில் நான் வழக்கமாக வண்டி விடும் பட்டறையின் மெக்கானிக் அண்ணன் ஒருநாள் என்னை ஓட்டச் சொல்லிவிட்டு, தான் சாலையோரம் குந்தியமர்ந்து வண்டியின் பின்பாகத்தை மட்டும் பார்த்தார். மூன்று முறை போய்வந்ததும் அவர் சொன்னது இது: "முன்னாடி ஒண்ணும் இல்ல தம்பி. முறுக்குறப்ப பின்னாடி ஒக்காருது. பின்னாடி ஒக்காந்தா முன்னாடி தூக்கும், தூக்குனா திரும்பாது."

ஆங்கிலத்தில் தடித்தடியாக எழுதப்பட்டிருக்கும் ஒரு துறையின் சாரம் அந்த மூன்று வாக்கியங்களில் இருக்கிறது என்பதைப் பின்னால்தான் புரிந்துகொண்டேன். அன்று அவர் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஷாக் அப்சார்பரையும் ஸ்விங் ஆர்மையும் இணைக்கும் லிங்க் தகடுகளைக் கழற்றிக் காட்டினார். அவை கம்பெனியில் வந்தவை அல்ல. முன்பு வண்டியை வைத்திருந்தவர், கால் தரையில் எட்ட வேண்டும் என்பதற்காக, லேத் பட்டறையில் வெட்டிப் போட்டவை. அதனால் வண்டியின் பின்பகுதி 25 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது.

ஸ்விங் ஆர்ம் என்பது பின்சக்கரத்தைச் சட்டகத்தோடு இணைக்கும் கரம். அதன் முன்முனை பிவட் போல்ட்டில் சுழலும். பின்முனையில் சக்கரத்தின் அச்சு இருக்கும். ஸ்போர்ட் பைக்கை ஆளோடு நிறுத்திப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால், பிவட் உயரமாகவும் அச்சு தாழ்வாகவும் இருக்கும். அதாவது கரம் முன்னிருந்து பின்னாகச் சரிந்திருக்கும். அந்தச் சரிவுதான் இங்கே பேசுபொருள். அதை அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். வண்டியைச் சமதளத்தில் நேராக நிறுத்தி, ஓட்டுபவரை ஏற்றி உட்கார வைத்து, தரையிலிருந்து பிவட் நடுப்புள்ளியின் உயரத்தையும் அச்சு நடுப்புள்ளியின் உயரத்தையும் டேப்பால் அளந்தால் போதும். தரை சமமா என்று பார்க்க, கொத்தனார் பயன்படுத்தும் டியூப் லெவலைத்தான் நாங்கள் வைத்துக்கொண்டோம். என் வண்டியில் கரத்தின் நீளம் ஏறத்தாழ 500 மி.மீ. அந்தத் தகடுகளோடு பிவட் அச்சைவிட 71 மி.மீ. உயரத்தில் இருந்தது, சரிவு 8 டிகிரியைவிடச் சற்றே அதிகம். அசல் தகடுகளைப் போட்டபின் அதே அளவு 87 மி.மீ. ஆனது, சரிவு 10 டிகிரி. இந்தப் பதிவுக்குத் தலைப்பாக நிற்கும் பதினாறு மில்லிமீட்டர் இதுதான்.

பின்பகுதி 25 மி.மீ. தாழ்ந்தபோது பிவட் ஏன் 16 மி.மீ. மட்டும் தாழ்ந்தது என்று கேட்கலாம். வண்டி முழுவதும் முன் அச்சை மையமாகக் கொண்டு பின்னோக்கிச் சாய்கிறது. பிவட் பின் அச்சுக்கு 500 மி.மீ. முன்னால் இருப்பதால் அதற்கு வரும் இறக்கம் அந்த விகிதத்தில் குறைகிறது. இந்தச் சாய்வினால் இன்னொன்றும் நேர்கிறது. என் வண்டியில் இரு சக்கர அச்சுகளுக்கு இடையிலான வீல்பேஸ் சுமார் 1,330 மி.மீ. பின்னால் 25 மி.மீ. இறங்கினால் முன் ஃபோர்க்கின் சாய்வான ரேக் 1 டிகிரிக்குச் சற்று மேல் கூடும், டிரெயில் (கைப்பிடி சுழலும் அச்சுக்கோடு தரையைத் தொடும் புள்ளிக்கும் முன் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் இடையிலான தூரம்) ஏறத்தாழ 6 மி.மீ. கூடும். இரண்டும் கூடினால் நேர்ச்சாலையில் வண்டி உறுதியாக நிற்கும், வளைவுக்குள் நுழைய மந்தமாகும். எனவே என் வண்டிக்கு இருந்தது இரண்டு கோளாறுகள்: நுழையும்போது மந்தம், வெளியேறும்போது தள்ளல். நான் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருந்தேன்.

வேகம் எடுக்கும்போது வண்டியின் பாரம் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரத்துக்கு இடம்பெயர்கிறது. எவ்வளவு பெயர்கிறது என்பதை வண்டியும் ஆளும் சேர்ந்த மொத்தத்தின் ஈர்ப்பு மைய உயரமும் வீல்பேஸும் வேகமெடுக்கும் விசையும் மட்டுமே தீர்மானிக்கின்றன. ஸ்பிரிங்கைக் கடினமாக்கினாலும் ஸ்விங் ஆர்மை எப்படிச் சாய்த்தாலும் அந்தப் பாரப்பெயர்ச்சி நேரடியாகக் குறைவதில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம், பின்பக்கம் உட்காராமல் தடுக்கும் தன்மையான ஆன்டி-ஸ்குவாட் என்ற சொல்லைக் கேட்டவர்களில் பலர், அது பாரம் பின்னால் போவதையே தடுக்கிறது என்று நினைக்கிறார்கள். பாரம் போகத்தான் செய்யும். போகிற பாரத்தை ஸ்பிரிங் அமுங்கித் தாங்குகிறதா, அல்லது செயினும் கரமும் சேர்ந்து அமுங்கவிடாமல் தாங்குகின்றனவா என்பதே கேள்வி.

தாங்குவது எப்படி என்பதைப் பிவட்டை மையமாக வைத்துப் பார்த்தால் தெளிவாகும். பின் டயர் தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறது, தரை டயரை முன்னோக்கித் தள்ளுகிறது. அந்த முன்னோக்கிய விசை பிவட்டுக்கு வெகு கீழே, தரைமட்டத்தில் செயல்படுவதால், கரத்தைக் கீழ்நோக்கிச் சுழற்றப் பார்க்கிறது. அதாவது பின்பக்கத்தை எழுப்புகிறது. செயினின் மேல்பகுதியோ பிவட்டுக்குச் சற்று மேலே ஓடுகிறது. அது இறுகும்போது சக்கரத்தை மேல்நோக்கி இழுத்து ஷாக்கை அமுக்கப் பார்க்கிறது. ஒன்று எழுப்ப, மற்றொன்று அமுக்க, எஞ்சி நிற்பதே உட்காரவிடாத விசை. செயினின் இழுவை, தரையில் டயர் தள்ளும் விசையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு என்பதை இங்கே மறக்கக் கூடாது. 12.7 மி.மீ. பிட்ச் (கண்ணிக்குக் கண்ணி உள்ள தூரம்) உள்ள செயினில் 48 பல் பின் ஸ்பிராக்கெட்டின் ஆரம் 97 மி.மீ.; சக்கரத்தின் ஆரம் சுமார் 305 மி.மீ.; ஒன்றை மற்றதால் வகுத்தால் 3.1 வரும்.

இப்போது என் வண்டியின் எண்களை இட்டுப் பார்க்கிறேன். அசல் நிலையில் பிவட் தரையிலிருந்து 392 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. செயினின் மேல்பகுதி பிவட்டிலிருந்து 38 மி.மீ. தள்ளி ஓடுகிறது, அதை 3.1 மடங்காக்கினால் 119 மி.மீ.க்கு நெருங்கும். 392-இலிருந்து 119 போக 273. இது எழுப்பும் பக்கத்தின் கணக்கு. அமுக்கும் பக்கத்தில் பாரப்பெயர்ச்சி இருக்கிறது: ஈர்ப்பு மையம் 600 மி.மீ. உயரம் என்று கொண்டு வீல்பேஸால் வகுத்து, கரத்தின் கிடைநீளமான 492-ஆல் பெருக்கினால் 222 வருகிறது. 273 பெரியது என்பதால், வண்டி வேகமெடுக்கும்போது பின்பக்கம் உட்காராமல் இலேசாக எழும்ப முயல்கிறது, மிச்சம் 51. தாழ்த்தப்பட்ட வண்டியில் 273 என்பது 257 ஆகிறது. வண்டி தாழ்ந்ததால் ஈர்ப்பு மையமும் சற்று இறங்கி 222 என்பது 220 ஆகிறது, மிச்சம் 37. மொத்தத்தில் 6 விழுக்காடு குறைந்ததாகத் தெரிவது, மிச்சத்தில் கால் பங்குக்கும் மேலான இழப்பு. கைக்கு உணரக் கிடைப்பது மிச்சம்தான்.

இந்த மிச்சமும் நின்ற நிலையில் உள்ளது. வளைவில் 45 டிகிரி சாய்ந்திருக்கும் வண்டியில் ஷாக்கின் மேல் விழும் பாரம், நேராக நிற்கும்போது இருப்பதைப் போல 1.41 மடங்கு. எனவே வளைவின் நடுவில் ஸ்பிரிங் ஏற்கெனவே அமுங்கி, கரத்தின் சரிவும் ஏற்கெனவே குறைந்திருக்கும். அப்போதுதான் நாம் முறுக்குகிறோம். பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டால் இன்னும் குறையும். ராமேசுவரத்துக்குத் தம்பியைப் பின்னால் ஏற்றிச் சென்ற நாட்களில் தங்கச்சிமடம் திருப்பங்களில் வண்டி ஏன் அவ்வளவு பிடிவாதம் செய்தது என்பது, இந்தக் கணக்கைப் போட்டபின் எனக்கு விளங்கியது. ஸ்பிரிங்கின் பிரீலோடை, அதாவது அதை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவை, கூட்டுவதும் உண்மையில் கரத்தின் சரிவை மீட்கும் செயல்தான். இருக்கை இதமாக இருப்பதற்காக மட்டும் அதைத் திருகுவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம்.

சரிவு மிஞ்சினாலும் கேடுதான். எழுப்பும் விசை அளவுகடந்தால், முறுக்கும் நேரத்தில் பின்பக்கம் விறைத்துப்போய், சாலையின் சிறு மேடுபள்ளங்களை ஷாக் விழுங்காது. டயர் அவற்றின்மேல் தத்தும், பிடிப்பு போகும். ஆக்ஸிலேட்டரை விட்டுக் கியரைக் குறைக்கும்போது செயினின் கீழ்ப்பகுதி இறுகி விசைகள் திசைமாறும். அப்போது பின்சக்கரம் துள்ளுவதற்கும் இந்தக் கோணத்துக்கும் தொடர்பு உண்டு. நல்ல வண்டி என்பது இந்த இரு எல்லைகளுக்கும் இடையே ஒரு சிறு இடத்தில் நிற்பது.

முழு உண்மையையும் சொல்ல வேண்டுமானால், 150 சிசி எஞ்சினின் இழுவையில் உட்காருதலின் பங்கு, 1000 சிசி வண்டியில் இருப்பதைவிட மிகச் சிறியது. என் வண்டியில் எது எவ்வளவு என்று பிரித்தறிய விரும்பினேன். ஆகவே அசல் தகடுகளைப் போடுவதற்கு முன், மெக்கானிக் அண்ணனின் யோசனைப்படி, ஃபோர்க் குழாய்களைக் கிளாம்ப்பில் 15 மி.மீ. மேலே ஏற்றி, முன்பக்கத்தையும் தாழ்த்தினோம். ரேக்கின் பெரும்பகுதி பழைய நிலைக்கு மீண்டது. வளைவுக்குள் நுழைவது அன்றே இலகுவானது. வெளியேறும்போது தள்ளுவதோ அப்படியே இருந்தது. அளந்து பார்த்தால், முன்பக்கம் இறங்கியதில் பிவட்டும் மேலும் 5 மி.மீ. இறங்கி, 71 என்பது 66 ஆகியிருந்தது. இரு முனைகளையும் சமமாகத் தாழ்த்திவிட்டால் வண்டியின் குணம் மாறாது என்று நம்பித் தாழ்த்துகிறவர்கள் இங்கே பலர். ரேக் மாறாது என்பது சரி. கரம் இன்னும் தட்டையாகிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

கரத்தின் நீளம் தனிக் கதை. கிணற்றுத் துலாவில் நீண்ட கழியின் நுனி ஒரு சாண் இறங்கினால் கழி திரும்பும் கோணம் சிறியது. குட்டைக் கழியில் அதே ஒரு சாணுக்குக் கோணம் பெரியது. ஸ்விங் ஆர்மும் அப்படியே. 500 மி.மீ. கரத்தில் சக்கரம் 25 மி.மீ. ஏறினால் கரம் சட்டகத்தோடு ஒப்பிடுகையில் ஏறத்தாழ 2.9 டிகிரி திரும்பும், 600 மி.மீ. கரத்தில் 2.4 டிகிரிதான். நீண்ட கரத்தில் சரிவில் வரும் மாற்றம் சிறியது என்பதால், சாலை மேடானாலும் பள்ளமானாலும், ஆள் ஏறினாலும் இறங்கினாலும் வண்டியின் குணம் ஒரே சீராக இருக்கும். ஆனால் கரத்தை நீட்டினால் வீல்பேஸ் நீளும், வண்டி திரும்ப மறுக்கும். ஆகவே எஞ்சினைக் குட்டையாக்கி, மிச்சப்பட்ட இடத்தைக் கரத்துக்குக் கொடுப்பதே வழி.

இந்த வழியை உலகமே கவனிக்கச் செய்த வண்டி 1998-இல் வந்த யமஹா ஒய்இசட்எஃப்-ஆர்1. 998 சிசி எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட்டையும் கியர் பெட்டியின் இரு ஷாஃப்ட்டுகளையும் ஒரே வரிசையில் நீட்டாமல் முக்கோணமாக அடுக்கினார்கள். எஞ்சினின் நீளம் குறைந்தது. வீல்பேஸ் 1,395 மி.மீ.க்குள் அடங்க, நீண்ட ஸ்விங் ஆர்முக்கு இடம் கிடைத்தது. அந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள் குதிரைத்திறனைத்தான் முதலில் சொல்வார்கள். எனக்கு அந்த முக்கோணம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. பின்வந்த ஸ்போர்ட் பைக்குகளில் பெரும்பாலானவை அந்த அடுக்கைப் பின்பற்றின.

நமக்கு அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஓசூரிலிருந்து 2017 டிசம்பரில் வெளிவந்த டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310-இன் சிலிண்டர் முன்னோக்கிச் சாயாமல் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். காற்று முன்னாலிருந்து நுழைகிறது, புகை பின்னால் வெளியேறுகிறது; வழக்கமான அமைப்பைத் திருப்பிப் போட்டது போன்றது. இதனால் எஞ்சினின் எடை முன்னோக்கி நகர்கிறது, வீல்பேஸ் 1,365 மி.மீ.தான் என்றாலும் கரம் நீளமாக அமைகிறது. ராமநாதபுரத்தில் இந்த வண்டியை வைத்திருக்கும் ஒருவரிடம் சைலன்சர் குழாய் ஏன் பின்னாலிருந்து புறப்படுகிறது தெரியுமா என்று கேட்டேன், அழகுக்காக என்றார். பட்டறையிலேயே அரை மணி நேரம் உட்கார வைத்து விளக்கினேன். யமஹா ஆர்15-ஐ எடுத்துக்கொண்டால், 2008-இல் வந்த முதல் வடிவத்தின் வீல்பேஸ் 1,290 மி.மீ.; 2011-இல் இரண்டாம் வடிவத்தில் அலுமினிய ஸ்விங் ஆர்ம் வந்தபோது அது 1,345 ஆனது; 2018-இல் மூன்றாம் வடிவத்தில் 1,325-க்குக் குறைந்தது. முதல் வடிவம் துறுதுறுவென்று திரும்பும், இரண்டாவது வேகத்தில் நிலையாக நிற்கும் என்று இரண்டையும் ஓட்டியவர்கள் சொல்வதற்குப் பின்னால் இந்த எண்கள் இருக்கின்றன.

ஸ்பிராக்கெட் மாற்றுகிறவர்கள் இங்கே நிறைய. முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைத்தால் இழுவை கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதன் ஆரம் குறைவதால் செயினின் மேல்பகுதி பிவட்டுக்கு நெருக்கமாக வரும், அமுக்கும் விசை குறையும், உட்காராத குணம் சிறிது கூடும். என் கணக்கில் அது 2 விழுக்காடு. அதோடு, ஒரு பல் குறைந்தால் செயினில் அரைக் கண்ணி அளவு மிச்சமாகும். அதைச் சரிக்கட்ட அச்சைச் சுமார் 3 மி.மீ. பின்னுக்கு இழுக்க வேண்டும். வீல்பேஸ் அவ்வளவு நீளும். பின் ஸ்பிராக்கெட்டில் பல் கூட்டினால் உட்காராத குணம் கூடுவது அதே திசையில்தான், ஆனால் அச்சு முன்னுக்கு வரும். கியர் விகிதம் ஒன்றே ஆனாலும் வண்டி ஒன்றாக இருக்காது.

பிவட்டையே ஏற்றி இறக்கும் வசதி பந்தய வண்டிகளில் நெடுநாள் வழக்கம். கடையில் விற்கும் வண்டிகளில் 2009-இன் அப்ரிலியா ஆர்எஸ்வி4 ஃபேக்டரியில் அது இருந்தது. 2019-இன் டுகாட்டி பனிகாலே வி4 ஆர்-இல் 2 மி.மீ. இடைவெளியில் நான்கு நிலைகள். பிஎம்டபிள்யூ எம் 1000 ஆர்ஆர்-இலும் உண்டு. வெறும் 2 மி.மீ. என்ன செய்துவிடும் என்று நானும் நினைத்ததுண்டு. பின்பக்க உயரம் மாறாமல் பிவட்டை மட்டும் 2 மி.மீ. ஏற்றினால், தரையிலிருந்து அதன் உயரம் 2 கூடுகிறது. அதே நேரம் செயினுக்கும் அதற்கும் உள்ள தூரம் 2 குறைகிறது. செயின் விசை மூன்று மடங்கு என்பதால் அந்த 2 என்பது 6 ஆகிறது. மொத்தம் 8. என் 273-இல் அது 3 விழுக்காடு. வண்டியைத் தாழ்த்தி 16 மி.மீ. கெடுத்ததில் பாதியை, பிவட்டின் இடத்தை 2 மி.மீ. மாற்றியே மீட்டுவிடலாம். பொறியாளர்கள் அந்தச் சிறு துண்டு உலோகத்துக்கு ஏன் அவ்வளவு மதிப்புத் தருகிறார்கள் என்பது இந்தக் கணக்கில் கண்முன் வந்தது.

கரத்தின் விறைப்பைப் பற்றியும் கொஞ்சம். வண்டி சாய்ந்திருக்கும்போது சாலையின் மேடு ஷாக்கின் திசையில் மட்டும் தள்ளாமல் பக்கவாட்டிலும் தள்ளும். அந்தப் பக்கவாட்டு உதையை ஷாக்கால் வாங்க முடியாது. கரமும் சட்டகமும் சிறிது வளைந்து கொடுத்தால்தான் டயர் தரையை விடாது. 1987-இன் ஹோண்டா விஎஃப்ஆர்750ஆர், 1994-இன் டுகாட்டி 916 ஆகியவற்றால் புகழ்பெற்ற ஒற்றைக் கரம் பார்க்கப் பேரழகு. டுகாட்டி 2003-இல் 999-க்கு இரட்டைக் கரத்தைக் கொடுத்து, 2007-இல் 1098-க்கு மீண்டும் ஒற்றைக் கரத்துக்குத் திரும்பி, 2025-இன் பனிகாலே வி4-இல் மறுபடியும் இரட்டைக் கரத்துக்கு வந்துவிட்டது. எடையையும் பக்கவாட்டு விறைப்பையும் குறைக்கவே அந்த மாற்றம். அழகை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த வழக்கில் என் வாக்கு இரட்டைக் கரத்துக்கே.

அசல் தகடுகள் ஏறிய வண்டியோடு கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள காரி மோட்டார் ஸ்பீட்வேக்கு ஒருநாள் போனேன். பொதுச்சாலையில் இப்படிப்பட்ட சோதனைகளைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பாம்பன் சாலைப் பாலத்தில் வேகம் காட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். 2.1 கி.மீ. நீளமுள்ள அந்தத் தடத்தில் ஒரே வளைவை முப்பது, நாற்பது முறை எடுக்கும்போது உடல் ஒவ்வொரு வேறுபாட்டையும் தனித்தனியாகக் கற்றுக்கொள்கிறது. வளைவின் நடுவில் முறுக்கினால் வண்டி தள்ளவில்லை. நான் பார்த்த இடத்துக்குப் போனது. மதியத்துக்குமேல், ஷாக்கின் மேல்முனையில் வாஷர் வைத்துப் பின்பக்கத்தை இன்னும் 10 மி.மீ. உயர்த்திப் பார்த்தேன். நுழைவது கத்தி போல இருந்தது. ஆனால் நேர்ப்பாதையின் முடிவில் பிரேக் பிடித்துக் கியர் குறைக்கும்போது பின்சக்கரம் துள்ளியது. கைப்பிடியும் பதற்றமாக இருந்தது. இரண்டு சுற்றுகளில் திரும்பி வந்து வாஷரை எடுத்துவிட்டேன்.

கணக்கெல்லாம் சரியாக இருந்தாலும் பேரிங் கெட்டுவிட்டால் கோணத்துக்குப் பொருளே இல்லை. எங்கள் கரையில் அதுதான் பெரிய பகை. ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும்போது உப்புத்துளி நின்றிருக்கும் வண்டியின் மேல் படிகிறது. தனுஷ்கோடிச் சாலையில் காற்றில் பறந்துவரும் மணல் லிங்க் இணைப்புகளுக்குள் புகுந்துகொள்கிறது. பிவட்டிலும் லிங்க்கிலும் இருப்பவை மெல்லிய ஊசி பேரிங்குகள். சீல் சற்று விட்டுவிட்டால் உப்பு உள்ளே போய், கிரீஸ் காய்ந்து, ஊசிகள் துருவோடு ஒட்டிக்கொள்ளும். என் வண்டியில் அந்தத் தகடுகளைக் கழற்றிய அன்று லிங்க் பேரிங் ஒன்றில் பாதி ஊசிகள் செம்மண்ணாக உதிர்ந்தன. வண்டியைக் கழுவுவதிலும் கவனம் வேண்டும். வீட்டுப் போர்த் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் கழுவுவது கழுவாமல் விடுவதைவிடக் கெடுதல். குடத்தில் பிடித்த காவிரித் தண்ணீரில் ஒரு வாளியைப் பிவட்டுக்கும் லிங்க்குக்கும் ஒதுக்குகிறேன். தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊரில் இதை வீட்டில் ஒப்புக்கொள்ள வைக்கச் சில நாள் ஆனது.

செயினை இறுக்குவதிலும் ஒரு வார்த்தை. முன் ஸ்பிராக்கெட்டின் மையம், பிவட், பின் அச்சு ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் வரும் நிலையில்தான் செயின் மிகவும் இறுகும். ஸ்டாண்டில் நிறுத்திக் கம்பிபோல இறுக்கிவிட்டால், ஆள் ஏறி ஷாக் அமுங்கும்போது செயின் அதற்குமேல் அமுங்கவிடாது. பாம்பன் பாலத்தின் இணைப்புகளைக் கடக்கும்போது பின்னால் 'டக் டக்' என்று முதுகில் அடிக்கிறது, ஷாக் போய்விட்டது என்று பட்டறைக்கு வந்த இரண்டு வண்டிகளில், செயினைத் தளர்த்தியதும் அடி நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். மூன்றையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து, அந்த நிலையிலும் சிறிது தொய்வு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அச்சை முறுக்க வேண்டும்.

அந்தப் பழைய தகடுகள் இன்னும் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகின்றன. தாழ்த்தித் தரச் சொல்லி வருகிறவர்களிடம் மெக்கானிக் அண்ணன் அவற்றைக் காட்டி, இருக்கையின் நுரையைச் செதுக்கிக்கொள்ளச் சொல்கிறார். கால் எட்டுவதற்கு அது போதும், கரத்தின் சரிவும் கெடாது. எனக்கு அடுத்த வேலை ஐப்பசியில். வாடை தொடங்குமுன் பிவட் போல்ட்டை உருவி, புது கிரீஸ் வைத்து, மறுபடி டேப்பை எடுத்து, 87 இன்னும் 87-ஆகவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.